கேம்ஸ் ஆடும் பிள்ளையை கேம் எழுத வைப்போம்

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு மாதத்திற்குள் பெரும்பாலான பெற்றோரிடமிருந்து ஒரு புகார் வந்துவிடுகிறது. "படிப்புக்கு உதவும் என்று வாங்கிக் கொடுத்தோம். பிள்ளை எந்நேரமும் கேம்ஸ் ஆடிக் கொண்டிருக்கிறான்" என்பதுதான் அது. அதன் பின்னாலேயே ஒரு கேள்வியும் வரும். "கோடிங் வகுப்பு என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கேட்கிறார்கள். சேர்த்து விடலாமா?"

இரண்டிற்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கட்டணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். பிள்ளை ஆடும் விளையாட்டைப் போல சிறியதாக ஒன்றை அவனே தயாரிக்கட்டும். இதற்குச் செலவு எதுவும் கிடையாது. உங்களுக்கு புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் உட்கார நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரு மாதத்தில் பிள்ளைக்கு இதில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு வகுப்பைப் பற்றி முடிவு செய்யலாம்.

புரோகிராம் என்பது என்ன?

கம்ப்யூட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. நாம் வரிசையாகத் தரும் கட்டளைகளை அப்படியே நிறைவேற்றும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் புரோகிராம். அதை எழுதுவதைத்தான் கோடிங் என்கிறோம்.

இது பிள்ளைகளுக்குப் புதிய விஷயம் இல்லை. பாண்டி ஆடும்போது "கோட்டை மிதித்தால் அவுட்" என்கிறார்கள். இது ஒரு நிபந்தனை. "எல்லாக் கட்டமும் முடியும் வரை தாண்டிக் கொண்டே இரு" என்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. "எனக்கு மூன்று பழம், உனக்கு இரண்டு பழம்" என்று கணக்கு வைத்துக் கொள்வது, ஒரு மதிப்பை நினைவில் வைத்திருப்பது. புரோகிராமிங் மொழிகள் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றும்தான் அடிப்படை. விளையாட்டு விதிகளை வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளை அவற்றைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லப் பழகிக் கொள்ளும்.

ஸ்கிராட்ச் எனும் இலவச புரோகிராம்

நாம் பயன்படுத்தப் போவது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு இதை உருவாக்கி, 2007ல் பொதுமக்களுக்கு வெளியிட்டது. மூன்றாவது பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. இதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தமிழக அரசு 2019ல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்கிராட்ச் இடம் பெற்றது.

இதன் வேர் இன்னும் பழையது. 1967ல் சேமூர் பாப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சிக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஒரு ஆமையை நகர்த்திப் படம் வரையும் மொழி அது. புரோகிராம் சரியாக ஓடாதபோது "நான் தப்பு செய்துவிட்டேன்" என்று பிள்ளை சோர்ந்து போகக் கூடாது, "இதை எப்படிச் சரி செய்வது" என்று யோசிக்க வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கருத்து. இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான் என்றால், அது இதுதான்.

ஸ்கிராட்ச்சில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கட்டளையும் வண்ணத் துண்டாக இருக்கும். அதற்கு பிளாக் என்று பெயர். மவுஸால் இழுத்து வந்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வைக்க வேண்டும். ஸ்பெல்லிங் பிழை, கமா விடுபட்டது போன்ற தொல்லைகள் இல்லை.

எப்படித் திறப்பது?

இன்டர்நெட் இணைப்பு இருந்தால் பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் ஸ்கிராட்ச் டாட் எம்.ஐ.டி. டாட் ஈடியூ என்ற முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். மேலே உள்ள 'கிரியேட்' என்பதில் கிளிக் செய்திடவும். அவ்வளவுதான். பெயர் பதிவு செய்யாமலேயே வேலையைத் தொடங்கலாம்.

இணைப்பு அடிக்கடி அறுந்து போகும் வீடுகளில், இதே தளத்திலிருந்து ஸ்கிராட்ச் புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் தேவை. ஒரு முறை பதிந்துவிட்டால் பிறகு இன்டர்நெட் இல்லாமலேயே இயங்கும்.

திரையில் மூன்று பகுதிகள் தெரியும். இடது பக்கம் வண்ண பிளாக்குகள். நடுவில் அவற்றை அடுக்கும் காலி இடம். வலது பக்கம் மேலே ஒரு பூனை நிற்கும் மேடை. மேடையில் வரும் ஒவ்வொரு உருவத்துக்கும் ஸ்பிரைட் என்று பெயர். மேடைக்கு மேலே உள்ள பச்சைக் கொடியைக் கிளிக் செய்தால் விளையாட்டு தொடங்கும். பக்கத்தில் உள்ள சிவப்பு எண்கோணத்தைக் கிளிக் செய்தால் நிற்கும்.

முதலில் பேப்பர், பிறகு மவுஸ்

நாம் செய்யப் போகும் விளையாட்டு எளிமையானது. மேலிருந்து ஆப்பிள் விழும். கீழே ஒரு கிண்ணம் இருக்கும். கீபோர்டின் அம்புக்குறி கீகளால் கிண்ணத்தை நகர்த்தி ஆப்பிளைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு மதிப்பெண்.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் பிள்ளையை ஒரு பேப்பரில் இதன் விதிகளை எழுதச் சொல்லுங்கள். ஆப்பிள் என்ன செய்ய வேண்டும்? கிண்ணம் என்ன செய்ய வேண்டும்? தொட்டால் என்ன ஆகும்? தரையில் விழுந்தால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதே பேப்பரில் மேடையின் படத்தையும் வரையுங்கள். ஸ்கிராட்ச் மேடை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம் கொண்டது. நட்டநடு இடம் பூஜ்யம். வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. மேல் ஓரம் 180, கீழ் ஓரம் மைனஸ் 180. இடம் வலமாக உள்ள எண்ணை எக்ஸ் என்றும், மேல் கீழாக உள்ள எண்ணை ஒய் என்றும் குறிப்பிடுவோம். மைனஸ் எண் படிக்காத சிறு பிள்ளைக்குக் கிணற்றைச் சொல்லி விளக்கலாம். தரைமட்டம் பூஜ்யம். மாடிப்படியில் ஏறினால் ஒன்று, இரண்டு. கிணற்றுப் படியில் இறங்கினால் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு.

படி 1: கிண்ணம் நகரட்டும்

வலது பக்கம் கீழே பூனையின் சிறிய படம் இருக்கும். அதன் மூலையில் உள்ள குப்பைத் தொட்டியைக் கிளிக் செய்து பூனையை நீக்கி விடவும். பிறகு அதே பகுதியின் கீழ் மூலையில் உள்ள 'சூஸ் எ ஸ்பிரைட்' பட்டனைக் கிளிக் செய்து, கிடைக்கும் படங்களிலிருந்து 'பவுல்' என்ற கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

மஞ்சள் நிற ஈவன்ட்ஸ் பிரிவில் இருந்து பச்சைக் கொடி படம் உள்ள பிளாக்கை நடு இடத்திற்கு இழுத்து வரவும். இழுப்பது என்றால் மவுஸின் இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி நகர்த்தி, சேர வேண்டிய இடத்தில் விரலை எடுப்பது. கொடியின் கீழ், நீல நிற மோஷன் பிரிவில் உள்ள 'கோ டு' பிளாக்கை ஒட்டி, எக்ஸ் 0, ஒய் மைனஸ் 150 எனத் தரவும். கிண்ணம் நிற்க வேண்டிய இடம் இது.

அடுத்து ஆரஞ்சு நிற கன்ட்ரோல் பிரிவில் இருந்து 'ஃபாரெவர்' பிளாக். இதன் வாய்க்குள் எதை வைத்தாலும் நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப நடக்கும். அதற்குள் 'இஃப் தென்' பிளாக் ஒன்றை வைக்கவும். இதுதான் நமது "மிதித்தால் அவுட்". இதில் உள்ள அறுகோணப் பள்ளத்தில், வெளிர் நீல சென்ஸிங் பிரிவில் உள்ள 'கீ பிரஸ்டு' பிளாக்கைப் பொருத்தி, வலது அம்புக்குறியைத் தேர்ந்தெடுக்கவும். உள்ளே 'சேஞ்ச் எக்ஸ் பை 10' வைக்கவும். இடது அம்புக்குறிக்கு இதே போல இன்னொரு 'இஃப் தென்', அதில் மைனஸ் 10.

பச்சைக் கொடியைக் கிளிக் செய்து பாருங்கள். கிண்ணம் நகரும். இந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

படி 2: ஆப்பிள் விழட்டும்

ஆப்பிள் ஸ்பிரைட்டைச் சேர்க்கவும். ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் தனித்தனி கட்டளைகள் உண்டு என்பதால், இனி வரும் பிளாக்குகளை அடுக்கும் முன் வலது பக்கம் கீழே ஆப்பிளைக் கிளிக் செய்துள்ளோமா என்று பார்த்துக் கொள்ளவும். இல்லையெனில் கிண்ணம் கீழே விழும்!

பச்சைக் கொடி. அதன் கீழ் 'கோ டு'. ஒய் இடத்தில் 170 எனத் தரவும். எக்ஸ் இடத்தில், பச்சை நிற ஆபரேட்டர்ஸ் பிரிவில் உள்ள 'பிக் ரேண்டம்' பிளாக்கைப் பொருத்தி மைனஸ் 200 முதல் 200 வரை எனத் தரவும். ரேண்டம் என்றால் தாயக்கட்டை உருட்டுவது போல. ஆப்பிள் ஒவ்வொரு முறையும் எங்கிருந்து விழும் என்று நமக்கே தெரியாது. அதன் கீழ் 'ஃபாரெவர்'. உள்ளே 'சேஞ்ச் ஒய் பை'. எண்ணை மைனஸ் 5 என மாற்றவும்.

ஒரு கணக்கும் போடலாம். ஃபாரெவர் உள்ளே இருப்பது நொடிக்குச் சுமார் 30 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் 5 புள்ளி இறங்கினால், நொடிக்கு 150 புள்ளி. மேலிருந்து கீழே வர இரண்டு நொடிக்குச் சற்று அதிகம். மைனஸ் 5ஐ மைனஸ் 10 ஆக்கினால் என்ன ஆகும் என்று பிள்ளையை முதலில் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள்.

படி 3: தரையில் விழுந்தால்

இப்போது ஆப்பிள் கீழே போய் நின்றுவிடும். ஃபாரெவர் உள்ளே, 'சேஞ்ச் ஒய்' பிளாக்கின் கீழ் ஒரு 'இஃப் தென்' சேர்க்கவும். நிபந்தனையாக, ஆபரேட்டர்ஸ் பிரிவில் உள்ள 'இதைவிடச் சிறியது' குறியீட்டு பிளாக்கை வைக்கவும். அதன் இடது கட்டத்தில் மோஷன் பிரிவின் 'ஒய் பொசிஷன்', வலது கட்டத்தில் மைனஸ் 170. உள்ளே, மேலே பயன்படுத்திய அதே 'கோ டு' பிளாக்கின் நகல். பிளாக்கின் மீது வைத்து மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நகல் கிடைக்கும். இனி ஆப்பிள் தரையைத் தொட்டதும் மீண்டும் மேலிருந்து விழும்.

படி 4: மதிப்பெண்

வேரியபிள்ஸ் பிரிவில் 'மேக் எ வேரியபிள்' கிளிக் செய்திடவும். பெயர் கேட்கும். யூனிகோட் தமிழில் டைப் செய்யத் தெரிந்தால் 'மதிப்பெண்' என்றே கொடுக்கலாம். வேரியபிள் என்பது லேபிள் ஒட்டிய டப்பா. உள்ளே ஒரு எண்ணைப் போட்டு வைக்கலாம், மாற்றலாம்.

ஆப்பிளின் பச்சைக் கொடிக்கு அடுத்தபடியாக மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கும் 'செட்' பிளாக்கைச் செருகவும். ஃபாரெவர் உள்ளே இன்னொரு 'இஃப் தென்'. நிபந்தனை, சென்ஸிங் பிரிவின் 'டச்சிங்'. அதில் பவுல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உள்ளே மதிப்பெண்ணை ஒன்று கூட்டும் 'சேஞ்ச்' பிளாக். விளையாட்டு தயார்.

தயாரா? ஓட்டிப் பாருங்கள். இந்த இடத்தில் ஒரு குறையை நான் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன்.

குறையைத் தேடுவதுதான் பாடம்

நான்காம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகள் இந்தக் கட்டத்தில் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு ஆப்பிளுக்குப் பத்து மார்க்குக்கு மேல ஏறுதே" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. "ஆப்பிளை ரொம்ப மெதுவா விழ வை. என்ன நடக்குதுன்னு பார்" என்று மட்டும் சொன்னேன். மைனஸ் 5ஐ மைனஸ் 1 ஆக்கினாள். ஆப்பிள் கிண்ணத்தின் மீது ஊர்ந்தது. மதிப்பெண் ஆட்டோ மீட்டரை விட வேகமாக ஏறியது. கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தாள். "தொட்டுக்கிட்டே இருக்கு மாமா, அதான் ஏறிக்கிட்டே இருக்கு. தொட்ட உடனே மேல போயிடணும்" என்றாள். 'கோ டு' பிளாக்கின் நகலை எடுத்து, மதிப்பெண் கூட்டும் பிளாக்கின் கீழ் அவளே ஒட்டினாள். அடுத்த ஆப்பிளுக்குச் சரியாக ஒன்றுதான் ஏறியது.

விடையை நான் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளுக்கு ஒரு பிளாக் கிடைத்திருக்கும். அவ்வளவுதான். சந்தேகப்பட்டு, வேகத்தைக் குறைத்து, கவனித்து, காரணத்தைப் பிடிக்கும் அந்தப் பத்து நிமிடம் அவளுக்குக் கிடைத்திருக்காது. புரோகிராமர்கள் இதை டீபக்கிங் என்பார்கள். வேலையில் அவர்களுக்குப் பெரும் பகுதி நேரம் இதில்தான் போகும்.

உங்கள் பிள்ளைக்கு வரக்கூடிய மற்ற குறைகள் இவை. பெற்றோர் தெரிந்து வைத்துக் கொள்ள மட்டும்:

ஆப்பிள் மேலே ஒட்டிக் கொண்டு நிற்கிறது: மைனஸ் குறி விடுபட்டிருக்கும்.

கொடியைக் கிளிக் செய்தால் ஆப்பிள் விழாமல் மேலேயே நிற்கிறது: 'சேஞ்ச் ஒய்' பிளாக், ஃபாரெவருக்கு வெளியே இருக்கும்.

கிண்ணத்தில் விழுந்தும் மதிப்பெண் ஏறவில்லை: 'இஃப் தென்' பிளாக், ஃபாரெவருக்கு மேலே இருக்கும். விளையாட்டு தொடங்கும்போது ஒரே ஒரு முறை சோதித்துவிட்டுப் போய்விடும்.

புதிய ஆட்டம் பழைய மதிப்பெண்ணுடன் தொடங்குகிறது: பூஜ்யமாக்கும் 'செட்' பிளாக் இல்லை.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

மவுஸைப் பிள்ளையின் கையிலேயே விட்டு விடுங்கள். "தள்ளு, நான் செய்து காட்டுகிறேன்" என்று நீங்கள் வாங்கிய நிமிடத்தில் அது உங்கள் விளையாட்டாகிவிடும். குறை வந்தால் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தாய்? என்ன நடக்கிறது? எந்த பிளாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும்? புரோகிராமிங் தெரியாதவரும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். உண்மையில் தெரியாதவர் கேட்டால் பிள்ளை இன்னும் தெளிவாக விளக்கும்.

ஒரு நாளைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். மேலே சொன்னதை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நிறுத்தும் முன் 'ஃபைல்' மெனுவில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' கிளிக் செய்து சேமித்து விடவும். அடுத்த நாள் அதே மெனுவில் 'லோட் ஃப்ரம் யுவர் கம்ப்யூட்டர்' மூலம் திறக்கலாம்.

ஸ்கிராட்ச் தளத்தில் மற்றவர்களின் விளையாட்டுகளைத் திறந்து 'சீ இன்சைட்' கிளிக் செய்தால் அவற்றின் பிளாக்குகள் அனைத்தும் தெரியும். கற்றுக் கொள்ள மிக நல்ல வழி. தன் விளையாட்டை அங்கே வெளியிடப் பிள்ளை விரும்பினால், நீங்கள் உடனிருந்து பதிவு செய்யுங்கள். யூசர் நேமில் உண்மைப் பெயர், ஊர், பள்ளியின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது.

"ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்டால் அதுவே கேம் எழுதித் தருகிறதே, பிறகு எதற்கு இது?" என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். எழுதித் தரும். ஆனால் ஒரு ஆப்பிளுக்குப் பத்து மதிப்பெண் ஏறினால் அது ஏன் என்று புரிந்து கொள்ளும் மூளை நம் பிள்ளைக்கு வேண்டாமா? கால்குலேட்டர் வந்த பிறகும் நாம் வாய்ப்பாடு சொல்லித் தருவதை நிறுத்தவில்லை.

அடுத்து என்ன?

விளையாட்டு ஓடத் தொடங்கியதும் பிள்ளையே யோசனைகளைக் கொண்டு வரும். 'வேகம்' என்று ஒரு வேரியபிள் வைத்து, மதிப்பெண் ஏற ஏற ஆப்பிள் வேகமாக விழச் செய்யலாம். 'உயிர்' என்று ஒரு வேரியபிளில் 3 வைத்து, தவற விடும்போது ஒன்று குறைத்து, பூஜ்யமானதும் 'ஸ்டாப் ஆல்' மூலம் ஆட்டத்தை முடிக்கலாம். ஆப்பிளுக்குப் பதிலாக மாம்பழத்தைத் தானே வரையலாம். கம்ப்யூட்டரில் மைக் இருந்தால் "பிடிச்சாச்சு!" என்று தன் குரலையே பதிவு செய்து சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறை வந்தால் எங்கே தேட வேண்டும் என்று சட்டென்று தெரியும்.

சில மாதங்களில் பிளாக்குகள் போதவில்லை என்று பிள்ளை சொன்னால், பைத்தான் போன்ற டைப் செய்யும் மொழிக்குப் போகலாம். அங்கேயும் இதே நிபந்தனை, இதே திரும்பச் செய்தல், இதே லேபிள் ஒட்டிய டப்பாதான். ஆர்வம் இல்லை என்று தெரிந்தாலும் நஷ்டம் எதுவும் இல்லை. மைனஸ் எண்ணும், ஒரு சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் மிச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலும் எடுத்து வைத்துத் தொடங்குங்கள். விளையாட்டு ஓடியதும் பிள்ளையோடு ஒரு ஆட்டம் போட்டி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் தோற்றுப் போவீர்கள்.